அத்தியாயம் 9: உச்சியிலிருந்து தொடங்குங்கள் – பிரித்துச் சேர்த்த அவுட்போர்டுக்கு டைமிங் வைப்பது

ஒரே பருவத்தில் மூன்றாவது பிஸ்டன். 40 குதிரைத்திறன் கொண்ட, மண்ணெண்ணெயில் ஓடும் இரட்டை சிலிண்டர் மோட்டார். ஃபைபர் வள்ளத்திலிருந்து கழற்றி, கம்பில் கட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போர் புதிது, ரிங் புதிது, பேரிங் புதிது. “எண்ணெயைக் கம்மியா ஊத்துறேன்னு எம் மேலதான் பழி சொல்றாங்கண்ணே. நான் அளந்துதான் ஊத்துறேன்” என்றார் வள்ளக்காரர்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததும் அவர் சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டது. எண்ணெய் போதாமல் பிடித்த பிஸ்டனின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்திருக்கும். இதில் பக்கச்சுவர் சுத்தமாக இருந்தது. பிஸ்டன் தலையின் ஓரம் மட்டும் எலி கொறித்ததுபோல் அரித்திருந்தது. நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. தீப்பொறி முந்திப் பாய்ந்து எஞ்சின் நாக் அடித்ததற்கான அடையாளம் அது. ஆனால் மூன்று முறையும் டைமிங் லைட் வைத்துத்தான் சரிபார்த்தார்களாம். குறி நேராகத்தான் நின்றதாம்.

புல்லர் போட்டுப் பிளைவீலை எடுத்தபோது விடை கிடைத்தது. கிராங்கின் கூம்பு முனையில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கீ பாதி வெட்டுப்பட்டு ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ஏதோ ஒரு நாள் புரொப்பெல்லர் பாறையிலோ கயிற்றிலோ மாட்டியிருக்க வேண்டும். கிராங்க் சட்டென்று நிற்க, கனமான பிளைவீல் தன் வேகத்தில் சுற்றும் திசையிலேயே கொஞ்சம் முன்னால் போய்விட்டது. சுமார் 1 மி.மீ. நகர்வு. கூம்பின் விட்டம் 25 மி.மீ. என்று வைத்தால், அங்கே 1 மி.மீ. என்பது 4.6 டிகிரி. பிளைவீலோடு அதிலுள்ள காந்தமும் முன்னால் போயிற்று. தீப்பொறியும் அதே அளவு முந்தியது. பிளைவீலின் விளிம்பில் கம்பெனி வெட்டிய டைமிங் குறியும் கூடவே நகர்ந்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது. டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. லைட் பார்ப்பது குறியைத்தான். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும். பிரித்துச் சேர்த்த மோட்டாரில் எந்தக் குறியையும் பிஸ்டனிடம் கேட்டுச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். வேறு மோட்டாரின் பிளைவீல் மாட்டியிருக்கலாம். குறிமுள்ளின் திருகு தளர்ந்திருக்கலாம். மேக்னெட்டோ பேஸ் மாறியிருக்கலாம். கடலோரப் பட்டறைகளில் இரண்டு மூன்று பழைய மோட்டார்களிலிருந்து ஒரு மோட்டார் தேற்றுவது வழக்கமான வேலைதானே.

தீப்பொறி ஏன் முன்கூட்டியே வேண்டும்

இனி ‘உச்சி’ என்று சொன்னால், பிஸ்டன் ஹெட்டை நோக்கிப் போகக்கூடிய கடைசி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவுட்போர்டில் கிராங்க் செங்குத்தாக நிற்கிறது, சிலிண்டர்கள் படுத்திருக்கின்றன. அதனால் ‘மேலே’ என்ற சொல் குழப்பும். உச்சி என்றால் குழப்பம் இல்லை.

எரிபொருள் கலவை பற்றியதும் ஒரே கணத்தில் முழுதும் எரிந்துவிடுவதில்லை. சுடர் பிளக்கிலிருந்து கிளம்பி அறை முழுக்கப் பரவ நேரம் பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் தள்ளுவிசை முழுதாகக் கிடைக்கும். அதற்காகத் தீப்பொறியை முன்கூட்டியே விடுகிறோம். எவ்வளவு முன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றில் சும்மா ஓடும்போது ஒரு சுற்றுக்கு 66.7 மில்லி வினாடி ஆகிறது. அதில் 5 டிகிரி என்பது 0.93 மில்லி வினாடி. அதே எஞ்சின் 5000 சுற்றில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு 12 மில்லி வினாடிதான். அங்கே 25 டிகிரி என்பது 0.83 மில்லி வினாடி. டிகிரி ஐந்து மடங்கானாலும் சுடருக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். வேகம் கூடக் கூட அட்வான்ஸ் (பொறி உச்சிக்கு முந்தும் அளவு) கூட வேண்டிய காரணம் இதிலேயே விளங்கிவிடும். கலவையின் அடர்த்தி, வெப்பம், சுழற்சி ஆகியவையும் இதில் சேரும் என்றாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் தன் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில், படகோட்டி தீப்பொறியின் நெம்புகோலை விரலால் நகர்த்தித்தான் வேகத்தைக் கூட்டிக் குறைத்தார். இன்று நம் கரைகளில் ஓடும் பல இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களிலும் அந்த ஏற்பாடுதான் உள்ளே இருக்கிறது. த்ராட்டில் கைப்பிடியைத் திருகினால் கார்புரேட்டர் மட்டும் திறப்பதில்லை. பிளைவீலுக்கு அடியில் காயில்கள் பூட்டியிருக்கும் மேக்னெட்டோ பேஸும் சேர்ந்து சுழன்று தீப்பொறியை முந்த வைக்கிறது. ஆகவே டைமிங் வைப்பது என்றால் மூன்று வேலை: சும்மா ஓட்டத்தின் எல்லையை வைப்பது, முழு அட்வான்ஸின் எல்லையை வைப்பது, இரண்டுக்கும் நடுவே கார்புரேட்டரும் பேஸும் ஒன்றாக நகரும்படி கம்பிகளின் நீளத்தைச் சரிசெய்வது. மூன்றுக்கும் முன்னால் உச்சி.

மேசையில் இருக்கும்போதே உச்சியைக் கண்டுபிடியுங்கள்

எஞ்சின் தலைப்பகுதியைக் காலோடு சேர்த்துப் பூட்டும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. உச்சியைச் சரியாகக் காண பிளைவீலைப் பின்னோக்கியும் சுற்ற வேண்டும். கால் பூட்டியிருந்தால் டிரைவ் ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரும் பின்னோக்கிச் சுழலும். ஒரு பக்கமாக மடங்கிப் பழகிய அதன் இதழ்கள் காய்ந்த பம்பில் திரும்பி முறுக்கிக்கொள்ளும். பிறகு தண்ணீர் ஏறவில்லை என்று காலைக் கழற்ற வேண்டிவரும்.

பிளக் ஓட்டையில் திருப்புளியை விட்டு, அது மேலே வந்து நின்ற இடம்தான் உச்சி என்று பலர் குறித்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லி மன்றாடிக் கேட்பேன். ஸ்ட்ரோக் 56 மி.மீ., கனெக்டிங் ராடு 110 மி.மீ. உள்ள ஓர் எஞ்சினைக் கணக்கிட்டுப் பாருங்கள். உச்சிக்கு 1 டிகிரி முன்னால் பிஸ்டன் 0.005 மி.மீ. மட்டுமே விலகி நிற்கும். தலைமுடியின் பருமனில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. 5 டிகிரி முன்னால் என்றாலும் 0.13 மி.மீ.தான். உச்சியின் இருபுறமும் ஐந்தைந்து டிகிரிக்குள் பிஸ்டன் நின்றுவிட்டதுபோலத்தான் கைக்குத் தெரியும். திருப்புளியால் அந்தப் பத்து டிகிரியைப் பிரித்துக்காட்ட முடியாது. டயல் கேஜைக்கூட உச்சியிலேயே வைத்துப் படித்தால் தடுமாறும். அதே எஞ்சினில் 20 டிகிரியில் பிஸ்டன் 2.1 மி.மீ., 25 டிகிரியில் 3.3 மி.மீ. விலகியிருக்கும். அதாவது அந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு 0.2 மி.மீ.க்கு மேல் அசைவு. பிஸ்டன் வேகமாக நகரும் இடத்தில் அளந்து, நடுப்புள்ளியைப் பிரித்து எடுப்பதே சரியான வழி.

அதற்கு ஒரு தடுப்பு வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, இரும்பு உடம்பின் உள்ளே மரை வெட்டி, முனை உருண்டையாகத் தேய்த்த பித்தளை போல்ட்டை முறுக்கினால் தடுப்பு தயார். பித்தளையாக இருந்தால் பிஸ்டன் தலையில் காயம் படாது. உச்சிக்கு 5 முதல் 8 மி.மீ. முன்பே பிஸ்டன் அதில் முட்டும்படி நீளத்தை வையுங்கள். பழைய மோட்டார்கள் சிலவற்றில் பிஸ்டன் தலையில் மேடு இருக்கும். போல்ட் அந்த மேட்டின் சரிவில் முட்டினால் பக்கவாட்டில் தள்ளும். அப்படிப்பட்டதில் நீளத்தையும் முனையையும் பார்த்து வையுங்கள்.

இரண்டு பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். பிளக் வயர்கள் இரண்டையும் எஞ்சின் உடம்போடு எர்த் செய்துவிடுங்கள். பொறி பாய இடமில்லாமல் சிடிஐ பெட்டிக்குச் சேதம் வரக்கூடாது. தடுப்பை மேல் சிலிண்டரில் முறுக்குங்கள். பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அவுட்போர்டுகள் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக ஓடும். பிஸ்டன் தடுப்பில் தொட்டு நின்றதும், எஞ்சினில் நிலையாக இருக்கும் குறிமுள்ளுக்கு நேரே பிளைவீல் விளிம்பில் மெல்லிய கோடு போடுங்கள். பிறகு மறுதிசையில் சுற்றுங்கள். அங்கும் தொட்டு நிற்கும். அங்கும் ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையிலான குறுகிய வளைவைத் தையல்காரர் டேப்பால் விளிம்பை ஒட்டி அளந்து, சரிபாதியில் மூன்றாவது கோட்டைப் போடுங்கள். தடுப்பைக் கழற்றிவிட்டு அந்த நடுக்கோட்டைக் குறிமுள்ளுக்கு நேரே கொண்டுவந்தால் மேல் சிலிண்டர் உச்சியில் இருக்கிறது. தொடும்போது பலமாக இடிக்காதீர்கள். விரல் பலம் போதும். இருமுறை செய்து பாருங்கள். இரண்டு தடவையும் நடுக்கோடு அரை மி.மீ.க்குள் ஒரே இடத்தில் விழுந்தால் சரி.

மோட்டார் சைக்கிள் வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும்: இது கம்ப்ரஷன் உச்சியா, எக்ஸாஸ்ட் உச்சியா என்று. இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் உச்சி, ஒவ்வொரு உச்சிக்கும் ஒரு பொறி. இரட்டை சிலிண்டரில் இரண்டாவது பிஸ்டனின் உச்சி 180 டிகிரி தள்ளி இருக்கும்.

இனி நீங்கள் போட்ட நடுக்கோட்டையும் கம்பெனிக் குறியையும் ஒப்பிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நல்லது. விழாவிட்டால் குறிமுள்ளின் திருகைத் தளர்த்தி நேர்ப்படுத்தக் கை துடிக்கும். பொறுங்கள். முதலில் கீயைப் பார்க்க வேண்டும். பிளைவீலே நகர்ந்திருந்தால் முள்ளைத் திருத்துவது தவற்றை மூடி மறைப்பதாகிவிடும். கீ சரி, பிளைவீலும் அந்த மோட்டாருக்கு உரியதுதான் என்று உறுதியான பிறகே முள்ளில் கை வையுங்கள்.

கீயும் கூம்பும் நட்டும்

பிளைவீலைக் கிராங்கோடு பிடித்துச் சுற்ற வைப்பது கீ என்று பலர் நினைக்கிறார்கள். கூம்பும் கூம்பும் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதால்தான் பிளைவீல் நிற்கிறது. மேலே இருக்கும் நட்டு அந்தக் கவ்வலை இறுக்குகிறது. கீயின் வேலை, பூட்டும்போது பிளைவீலை உரிய கோணத்தில் உட்கார வைப்பது மட்டும். நட்டு இளகினாலோ கூம்பில் எண்ணெய் இருந்தாலோ கவ்வல் போய், பாரம் முழுதும் அந்தச் சின்னக் கீயின் மேல் விழும். அந்தப் பாரத்தைக் கீ தாங்காது.

கூம்பின் இரு முகங்களையும் தின்னரில் துடைத்துக் காய வையுங்கள். துருப்பிடிக்கக்கூடாது என்று கிரீஸ் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக்காற்றில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கை தானாகவே நீளும். கூம்புக்கு மட்டும் வேண்டாம். அங்கே அரிப்பும் கறுப்புத் தடமும் தெரிந்தால், கீ இல்லாமல் பிளைவீலை வைத்து வால்வு தேய்க்கும் பசையால் இலேசாகத் தேய்த்து, பசை துளியும் தங்காமல் கழுவுங்கள். தொடுமுகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக வந்தால் போதும். அதற்குமேல் தேய்த்தால் பிளைவீல் கீழே இறங்கிவிடும்.

கீ எப்போதும் புதிது போடுங்கள். விலை அற்பம். பழையதை அரம் போட்டுத் தேய்த்து நுழைப்பதும், ஆணியை வெட்டிக் கீ ஆக்குவதும் வேண்டாம். பள்ளத்தில் அது சாய்ந்து நிற்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பிளைவீலைச் சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்கள் விரிசல் விடும், பெயர்ந்து வரும். நட்டை அந்த மாடலின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கைக்கணக்கு என்று விட்டதில்தான் பாதி கீக்கள் போகின்றன. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறை இந்த ஒரு நட்டுக்காகவாவது ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிகிரிக் கோடுகள்

பல பிளைவீல்களில் டிகிரிக் கோடு வெட்டியே வரும். உப்பு தின்று அழிந்திருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். விளிம்பின் விட்டத்தை அளந்து 3.1416ஆல் பெருக்கி 360ஆல் வகுங்கள். விட்டம் 200 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 1.745 மி.மீ.; 20 டிகிரிக்கு 34.9 மி.மீ.; 25 டிகிரிக்கு 43.6 மி.மீ. உச்சிக் கோட்டிலிருந்து டேப்பால் அளந்து குறியுங்கள்.

எந்தப் பக்கம் அளப்பது? இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். குறிமுள் நிலையாக நிற்கிறது, பிளைவீல் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. உச்சிக்கு முன்பு நடப்பதைக் காட்டும் கோடு, உச்சிக் கோட்டுக்கு முன்பே முள்ளைக் கடந்து போக வேண்டும். ஆகவே பிளைவீலில் அது உச்சிக் கோட்டிலிருந்து சுற்றும் திசையிலேயே முன்னால் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் அளந்தால் 20 டிகிரி முந்துவதற்குப் பதிலாக 20 டிகிரி பிந்துவதைக் குறித்துவிடுவீர்கள். அன்று எஞ்சின் கிளம்பவே மறுத்ததால் தப்பித்தேன். அளவுக் கோடுகள் பிளைவீலில் இல்லாமல் எஞ்சின் உடம்பில் இருந்து, பிளைவீலில் ஒற்றைக் குறி மட்டும் இருக்கும் மாடல்களில் இந்தத் திசை தலைகீழாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாயிண்ட் வைத்த பழைய மோட்டார்கள்

இவை குறைந்துவிட்டன, ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் பொறி பாய்கிறது. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றுக்கு இடைவெளி 0.5 மி.மீ. கேமின் மிக உயர்ந்த இடத்தில் பாயிண்டின் ரப்பிங் பிளாக் இருக்கும்போது ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பிறகு காயிலின் வயரைப் பிரித்துவிட்டு, பாயிண்டுக்கும் எர்த்துக்கும் மல்டிமீட்டர் வைத்து, பிளைவீலை மெதுவாகச் சுற்றுங்கள். தொடர்பு அறும் கணத்தில் குறி நேராக வர வேண்டும். காயில் வயரைப் பிரிக்காவிட்டால் காயில் வழியாகவே தொடர்பு காட்டி மீட்டர் ஏமாற்றும். இரண்டு பாயிண்டுகளும் சரியாக 180 டிகிரி இடைவெளியில் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் இரண்டு டிகிரி முந்தினால் அந்தச் சிலிண்டர் மட்டும் சூடாகும்.

சிடிஐ மோட்டார்: எல்லைகளும் கம்பிகளும்

இப்போது கைக்கு வருபவை பெரும்பாலும் இந்த வகை. பல்ஸர் காயிலைக் காந்தம் கடக்கும்போது சிடிஐ பெட்டி பொறியை விடுகிறது. தேய்கிற பாயிண்ட் இல்லாததால் டைமிங் தானாக மாறுவது அபூர்வம். ஆனால் பிரித்துச் சேர்க்கும்போது மனிதக் கை பட்டு மாறும். கம்பியின் முனையைக் கழற்றிப் பூட்டும்போது இரண்டு சுற்று கூடக் குறையப் போயிருக்கும். எல்லைத் திருகு எதிலாவது இடித்து நகர்ந்திருக்கும்.

முதலில் கார்புரேட்டருக்கும் மேக்னெட்டோ பேஸுக்கும் இடையிலான கம்பியைப் பிரித்துவிடுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்து பிறகு இணைத்தால்தான் குழப்பம் வராது. பேஸைக் கையால் இப்படியும் அப்படியும் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்க வேண்டும்; அதே நேரம் ஆட்டம் கூடாது. பேஸுக்கு அடியிலுள்ள தேய்மான வளையம் உப்புப் பூத்து இறுகியிருந்தால், படகோட்டி த்ராட்டிலைக் குறைத்த பிறகும் பேஸ் அட்வான்ஸிலேயே மாட்டிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்து, கையேடு சொல்லும் கிரீஸை இலேசாகத் தடவுங்கள்.

பேஸைப் பொறி பிந்தும் (ரிடார்ட்) பக்க எல்லைத் திருகில் முட்ட வைத்து, சும்மா ஓட்டத்துக்கான டிகிரியை வையுங்கள். மாடலைப் பொறுத்து இது உச்சிக்குச் சில டிகிரி முன்னாலோ பின்னாலோ இருக்கும்; பின்னால் இருந்தால் பதற வேண்டாம். அடுத்து பேஸை மறுபக்கம் தள்ளி முழு அட்வான்ஸ் எல்லையை வையுங்கள். இரட்டை சிலிண்டர் மோட்டார்கள் பலவற்றில் இது உச்சிக்கு முன் 20 முதல் 30 டிகிரிக்குள் எங்கோ விழும். உங்கள் மோட்டாருக்கு உரிய எண்ணை அதன் மாடல் எண்ணை வைத்துக் கையேட்டில் பாருங்கள். பக்கத்து வள்ளத்தின் மோட்டார் அதே குதிரைத்திறனாக இருந்தாலும் அதன் எண் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

டைமிங் லைட்டுக்கு 12 வோல்ட் வேண்டும். கயிறு இழுத்துக் கிளப்பும் மோட்டாரில் பேட்டரி இருக்காது. மோட்டார் சைக்கிள் பேட்டரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லைட்டின் பின்புறம் டிகிரி டயல் இருந்தால் அதைச் சுழியத்தில் வைத்துவிட்டுப் பிளைவீலிலேயே படியுங்கள். நான்கு ஸ்ட்ரோக்குக்காகச் செய்த டயல் லைட்டுகள் சுற்றுக்கு ஒரு பொறி விடும் எஞ்சினில் தவறான எண்ணைக் காட்டக்கூடும். இன்னொன்று: சில சிடிஐ மோட்டார்களில் கயிறு இழுக்கும் வேகத்தில் படிக்கும் எண்ணும் முழு வேகத்தில் படிக்கும் எண்ணும் சில டிகிரி வேறுபடும். கையேடு எந்த நிலையில் படிக்கச் சொல்கிறதோ அந்த நிலையில்தான் படிக்க வேண்டும்.

மேல் சிலிண்டரில் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். லைட்டின் கிளிப்பைக் கீழ் சிலிண்டரின் வயருக்கு மாற்றி, 180 டிகிரி தள்ளியிருக்கும் குறியையும் பாருங்கள்.

எல்லைகள் முடிந்ததும் கம்பியை இணையுங்கள். பேஸ் நகரத் தொடங்கி, கையேடு சொல்லும் இடத்தை அடையும்போதுதான் கார்புரேட்டரின் தட்டு திறக்கத் தொடங்க வேண்டும். தட்டு முன்கூட்டியே திறந்தால், பொறி இன்னும் பின்தங்கியிருக்கும்போதே எரிபொருள் கொட்டி எஞ்சின் திணறும். தாமதித்தால், கலவை குறைவாக இருக்கும்போதே அட்வான்ஸ் ஏறி, நடு வேகத்தில் தடுமாறும். ‘பாதி த்ராட்டில்ல இழுவை இல்லண்ணே’ என்று வரும் புகார்களில் பலவும் இந்தக் கம்பியின் நீளத்தில்தான் தீர்ந்திருக்கின்றன.

மண்ணெண்ணெய் மோட்டாருக்குத் தனிக் கவனம்

பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துவது நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் டைமிங் கணக்கில் மண்ணெண்ணெய் என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுப் பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைந்தது 91. மண்ணெண்ணெயின் எண் அதில் பாதிக்கும் கீழே. அதாவது அழுத்தமும் சூடும் ஏறினால் சுடர் வந்து தொடும் முன்பே மீதிக் கலவை தானாக வெடித்துவிடும். அதுதான் நாக். மண்ணெண்ணெய்க்கென்று செய்த மோட்டாரில் கம்பெனி கம்ப்ரஷனைக் குறைத்தே வைக்கிறது. பெட்ரோல் மாடலின் ஹெட்டை அதில் மாட்டினாலோ, வளைந்த ஹெட்டைச் சமப்படுத்த அதிகம் தேய்த்தாலோ, மெல்லிய கேஸ்கெட் போட்டாலோ அந்தக் குறைப்பு போய்விடும். கையேட்டின் எண் அந்த எஞ்சினுக்கு இனிப் பொருந்தாது. முதலில் ஹெட்டையும் கேஸ்கெட்டையும் உரிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் முழு அட்வான்ஸை 2 டிகிரி பின்னுக்கு வைத்து, கீழே சொல்லப்போகும் பிளக் சோதனையைச் செய்து பாருங்கள்.

அளவுக்கு மீறிப் பின்னுக்கு இழுப்பதும் தீங்குதான். பிந்திப் பற்றும் கலவை எக்ஸாஸ்ட் திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். இழுவை குறையும், எக்ஸாஸ்ட் பக்கம் கொதிக்கும், குடிக்கும் எரிபொருளும் கூடும்.

தரையில் இருக்கும் மோட்டார் சைக்கிளில் நாக் சத்தம் காதுக்குக் கேட்கும். கடலில் அலைச் சத்தம், காற்று, எஞ்சின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் அது கேட்காது. ஓட்டுகிறவருக்குத் தெரியும்போது பிஸ்டன் போயிருக்கும். கரை பல கடல் மைல் தள்ளி இருக்கும். டைமிங்கில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

டிரம்மிலும் கடலிலும்

முதல் ஓட்டம் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில். தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம்கூட ஓட்டாதீர்கள். புதிய இம்பெல்லர் கருகிவிடும். மேல்மூடியும் ஸ்டார்ட்டரும் இல்லாமல் பிளைவீல் திறந்து சுழலும் நேரம் இது. தோளில் துண்டு, தொங்கும் கயிறு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் கூடாது. எஞ்சினை நிறுத்தும் கிளிப்பின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். டிரம்மில் சும்மா ஓட்டத்தையும் மெதுவான ஏற்றத்தையும் மட்டும் பாருங்கள். பாரம் இல்லாத எஞ்சினை முழு த்ராட்டிலில் விட்டால் வேகம் கட்டுமீறும்.

கயிறு இழுக்கும்போது எஞ்சின் கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுத்தால் அங்கேயே நிறுத்தி டைமிங்கை மறுபடி பாருங்கள். பொறி மிகவும் முந்தினால் பிஸ்டன் உச்சி ஏறும் முன்பே பின்னுக்குத் தள்ளப்படும். மணிக்கட்டு எலும்பை முறிக்கும் அளவுக்கு அந்த இழுப்பு இருக்கும்.

முழு வேகச் சோதனை, புதிய போரும் ரிங்கும் பழகிய பிறகு கடலில், வழக்கமான புரொப்பெல்லரோடும் வழக்கமான பாரத்தோடும் நடக்க வேண்டும். புது பிளக்குகள் போட்டு, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டி, வேகத்தைக் குறைக்காமல் அப்படியே நிறுத்தும் பட்டனை அழுத்துங்கள். பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பீங்கானைப் பாருங்கள். பழுப்பு நிறம் நல்லது. வெளிறி, மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளியோ, மினுக்கும் அலுமினியத் துகளோ ஒட்டியிருந்தால் நாக் அடிக்கிறது. அந்தத் துகள் பிஸ்டனிலிருந்து வந்தது. அன்று மெதுவாகக் கரைக்குத் திரும்பி, அட்வான்ஸை 2 டிகிரி குறைத்துவிட்டு மறுநாள் மறுபடி பாருங்கள். இப்படி மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்தினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கும், குளிர்ந்தால் கிளம்பாது. சோதனை முடிந்த கையோடு கிண்ணத்தை வடித்துப் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். இந்தச் சோதனைக்குத் தனியாகப் போகாமல், இன்னொரு வள்ளம் கூட வரும்படி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மோட்டாரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிளைவீல் நட்டின் முறுக்கத்தைச் சரிபாருங்கள், இரண்டு சிலிண்டருக்கும் லைட் அடித்துப் பாருங்கள். நீங்கள் போட்ட உச்சிக் கோட்டை வெட்டிரும்பால் இலேசாகக் கீறி, அதில் வெள்ளைப் பெயிண்டைப் பூசிவிடுங்கள். மேல்மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதுங்கள்: தேதி, சும்மா ஓட்டத்தின் டிகிரி, முழு அட்வான்ஸ் டிகிரி, கேஸ்கெட்டின் கனம், கீ மாற்றிய நாள். அந்த மோட்டாரை அடுத்து எந்தக் கரையில் யார் திறந்தாலும் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார்.